விமானியின் சோர்வு: சுவர்க் கடிகாரமும் உடம்பின் கடிகாரமும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் விமான நிலையங்களில் பெட்டிகளோடு காத்துக் கிடந்த பயணிகளுக்கு, அதுவரை விமானத் துறைக்குள் மட்டுமே புழங்கிவந்த ‘எஃப்டிடிஎல்’ என்ற எழுத்துக்கூட்டு திடீரென்று பழக்கமான சொல்லாயிற்று. ஒரு விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம், இடையில் எவ்வளவு ஓய்வு பெற வேண்டும் என்று வரையறுக்கும் விதித்தொகுப்பு அது. அதன் திருத்தப்பட்ட வடிவத்தின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் வகையில் விமானிகளின் பணி அட்டவணையைத் திட்டமிடாத இண்டிகோ நிறுவனம், டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது.

அந்த நாட்களில் டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒரே மாதிரியான மூன்று பேச்சுகள் அடிபட்டன. மாதத்துக்கு எண்பது மணி நேரம்கூடப் பறக்காதவர்களுக்கு இவ்வளவு ஓய்வு எதற்கு என்பது ஒன்று. ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது, இவர்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாதா என்பது மூன்றாவது. மூன்றுமே கெட்ட எண்ணத்தில் கேட்கப்பட்டவை அல்ல. சோர்வு என்றால் என்ன என்று தெரியாததால் எழுந்தவை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

களைப்பு வேறு, சோர்வு வேறு

மூட்டை தூக்கும் தொழிலாளி லாரியின் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மறுபடி எழுந்து வேலை செய்ய முடியும். தசைகள் உழைத்தன, தசைகள் ஓய்ந்தன, மீண்டும் தயாராயின. இதை இக்கட்டுரையில் களைப்பு என்று அழைப்போம்.

இப்போது ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் மாலை வரவேற்பு, இரவு முழுக்கப் பந்தி, பாத்திரக் கணக்கு, ஊரிலிருந்து வருபவர்களுக்கு அறை ஒதுக்கீடு, விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். பெண்ணின் தாய்மாமா முந்தின நாள் காலையிலிருந்து கண்ணை மூடவில்லை. அவர் ஒரு மூட்டையும் தூக்கவில்லை. ஆனாலும் இடுப்பில் செருகியிருக்கும் சாவிக்கொத்தை மண்டபம் முழுக்கத் தேடுகிறார். சமையல்காரர் கேட்ட கேள்வியை இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லாமல் விழிக்கிறார். சின்ன விஷயத்துக்குச் சள்ளென்று விழுகிறார். கால் மணி நேரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டாலும், காப்பி குடித்தாலும் இந்த நிலை முழுதாகத் தீர்வதில்லை.

இதுதான் சோர்வு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் வரையறையின் சாரம் இது: தூக்கமின்மை, நெடுநேரம் விழித்திருத்தல், உடற்கடிகாரத்தின் வேளை, வேலைச் சுமை ஆகியவற்றால் ஒருவரின் மனத்திறனும் உடல்திறனும் குறைந்து நிற்கும் நிலை. இந்த நான்கில் கடைசி ஒன்று மட்டுமே உழைப்பைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற மூன்றும் தூக்கத்தையும் வேளையையும் பற்றியவை.

தூக்கக் கடன்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரத் தூங்க வேண்டும் என்ற உந்துதல் கூடும். தூங்கும்போது அது வடியும். காப்பியிலுள்ள காஃபீன் அந்த அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் மூளையில் போய் ஒட்டும் இடங்களை அது தற்காலிகமாக அடைத்துவைக்கிறது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு அது.

கடன் என்ற ஒப்பீடு வெறும் அலங்காரத்துக்குச் சொல்லப்பட்டதல்ல. எட்டு மணி நேரத் தூக்கம் தேவைப்படுபவர் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கினால் மீதி இரண்டு மணி நேரம் மறைந்து போவதில்லை. மறுநாள் கணக்கில் ஏறுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 14 நாட்கள் இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனத்திறன், ஓர் இரவு அறவே தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. இதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: அந்த ஆட்களிடம் கேட்டபோது தங்களுக்கு ஏதோ கொஞ்சம் தூக்கம் வருவதாக மட்டுமே சொன்னார்கள். திறன் நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்ததை அவர்கள் உணரவே இல்லை. இந்த விஷயத்துக்குப் பின்னால் மறுபடி வருவோம்.

உடற்கடிகாரம்

தூக்கக் கடன் மட்டுமே காரணம் என்றால், இரவு முழுக்க விழித்தவர் காலை ஒன்பது மணிக்கு விடியற்காலை நான்கு மணியைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது சிவராத்திரிக்குக் கண்விழித்த எவருக்கும் தெரியும். நான்கு மணிக்குத் தலை தொங்கும்; வெயில் ஏறியதும் ஏதோ புதுத் தெம்பு வந்தது போல் இருக்கும். காரணம், தூக்கக் கடனோடு சேர்ந்து வேலை செய்யும் இரண்டாவது ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது.

கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்புத் தொகுதி, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் உடல் வெப்பத்தையும் சுரப்பிகளையும் விழிப்பையும் ஏற்றி இறக்குகிறது. இதுவே உடற்கடிகாரம். செல்களுக்குள் இது எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கடனும் கடிகாரமும் சேர்ந்தே நம் விழிப்பைத் தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை ஸூரிக் நகரில் பணியாற்றிய போர்பெலி என்ற ஆய்வாளர் 1982-இல் முன்வைத்தார். விமானத் துறையின் இன்றைய விதிகள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன.

இந்தக் கடிகாரம் நம்மை மிகவும் கீழே இறக்கும் நேரம் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை. விமானத் துறையில் இதற்குத் தனிப்பெயர் உண்டு. நாம் இதை ‘அடிமட்ட வேளை’ என்போம். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி பஸ் ஓட்டும் ஓட்டுநர்களிடம் கேட்டால் எந்த ஆய்வும் படிக்காமலேயே இந்த நேரத்தைச் சரியாகச் சொல்வார்கள். கண்ணாடியைத் திறந்துவிட்டு முகத்தில் காற்று வாங்குவதும், டோல்கேட் தாண்டி ஒரு டீக்கு நிறுத்துவதும் அந்த நேரத்தில்தான்.

அதிகம் பேசப்படாத மறுபக்கமும் ஒன்று உண்டு. மாலை ஏழு முதல் ஒன்பது மணி வாக்கில் கடிகாரம் நம்மை விழிப்பின் உச்சியில் நிறுத்துகிறது. அந்நேரத்தில் படுத்தாலும் தூக்கம் எளிதில் வராது. அதிகாலை இரண்டரைக்கு எழ வேண்டியவர் ஏழு மணிக்கே படுத்துவிட வேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். உடம்பு அதற்கு இசைவதில்லை. அதிகாலைப் பணிகள் தூக்கத்தைப் பின்பக்கத்தில் வெட்டுகின்றன, ஆனால் முன்பக்கத்தில் ஒட்டவைக்க இடம் தருவதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சோர்வு என்பது தூக்கக் கடன், உடற்கடிகாரம் ஆகிய இரண்டின் கூட்டு விளைவு. கடன் பெரிதாக இருக்கும்போது கடிகாரமும் அடிமட்டத்தில் இருந்தால், அதுவே ஆபத்தான சந்திப்பு.

குடித்தவரைச் சோதிக்கலாம், தூங்காதவரை?

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் எளிய ஒப்பீடு ஒன்றைச் செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமமாகிறது. நம் நாட்டில் கார் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 விழுக்காடுதான். இந்திய விமானிகள் பறப்பதற்கு முன் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். துளி ஆல்கஹாலுக்கும் இடமில்லை. ஆனால் ஊதினால் தூக்கக் கடனைக் காட்டும் கருவி எதுவும் இல்லை.

கருவி இல்லாவிட்டால் என்ன, விமானியே தன் நிலையை உணர்ந்து சொல்லலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மேலே சொன்ன 14 நாள் ஆய்வு இங்கேதான் குறுக்கே நிற்கிறது. சோர்ந்த மூளையில் முதலில் பழுதாகும் திறன்களில் ஒன்று, தான் எவ்வளவு சோர்ந்திருக்கிறோம் என்று மதிப்பிடும் திறன். தராசு கோணலாகிவிட்ட பிறகு அதே தராசைக் கொண்டு அதன் கோணலை எடைபோட முடியாது. விமானிகளின் ஓய்வை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடாமல் மணிக்கணக்காகச் சட்டம் எழுதி வைத்திருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். சலுகை கொடுக்கும் நோக்கம் அதில் இல்லை.

சோர்வு முற்றும்போது ‘நுண்தூக்கம்’ வருகிறது. கண் திறந்திருந்தாலும் மூளை சில விநாடிகள் அணைந்து மீள்வதற்குப் பெயர் அது. வந்து போனதை அந்த ஆள் பெரும்பாலும் அறியமாட்டார். பயணிகள் ஜெட் விமானம் ஒன்று தரையிறங்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு விநாடி நுண்தூக்கத்தில் விமானம் 280 மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும்.

ஆட்டோபைலட் இருந்தும் ஏன்?

ஆட்டோபைலட் விமானியின் கை வேலையைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கை வேலையை எடுத்துக்கொண்டு காவல் வேலையைக் கொடுக்கிறது. எரிபொருள், வானிலை, உயரம், வேகம், வானொலியில் வரும் கட்டளைகள் என்று பலவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான இரவுகளில் அவற்றில் எதுவுமே தவறாது. ராத்திரி முழுக்கச் சுமை இறக்கும் தொழிலாளிக்கும் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கும் நடுவே யார் முதலில் கண்ணயர்வார் என்று கேட்டால் பதில் தெளிவு. ஒன்றும் நடக்காத இடத்தில் விழிப்பாக இருப்பதுதான் கடினம். மங்கிய விளக்கு, ஒரே சீரான இரைச்சல், அசையாத நாற்காலி ஆகிய காக்பிட்டின் சூழல், தூங்க வைப்பதற்கென்றே யாரோ அமைத்தது போலிருக்கும்.

2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்கு 153 பயணிகளோடு பறந்த பாட்டிக் ஏர் விமானத்தில் இரு விமானிகளும் ஒரே நேரத்தில் தூங்கிவிட்டார்கள். 28 நிமிடங்கள் கட்டுப்பாட்டு மையத்தின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. கேப்டன் விழித்தபோது விமானம் பாதையிலிருந்து விலகியிருந்தது. பிறகு பத்திரமாக இறங்கியது. துணை விமானிக்கு ஒரு மாதக் குழந்தைகள், அதுவும் இரட்டையர், என்று விசாரணை அறிக்கை குறிப்பிடுகிறது. அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் இருந்திருக்கும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 28 நிமிடமும் விமானத்தை நேராக வைத்திருந்தது ஆட்டோபைலட்தான். ஆனால் அது வானொலியில் பதில் சொல்லவில்லை, திரும்ப வேண்டிய இடத்தில் திருப்பவில்லை, தூங்குபவர்களை எழுப்பவும் இல்லை.

மங்களூர், 2010

தூங்குவதால் மட்டும் ஆபத்து வருவதில்லை. தவறான நேரத்தில் விழிப்பதாலும் வரும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஒருவர் சில நிமிடங்களுக்குத் தெளிவில்லாமல் இருப்பார். நடு இரவில் தொலைபேசி அடித்து எழுந்து, என்ன பேசினோம் என்பதே காலையில் நினைவில்லாமல் போன அனுபவம் பலருக்கு உண்டு. இதற்கு ‘தூக்க மந்தம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து, அதுவும் அடிமட்ட வேளையில் எழுந்தால் அந்த மந்தம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

2010 மே 22 அதிகாலை துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் மட்டுமே தப்பினார்கள். காக்பிட் குரல்பதிவுக் கருவியில் இருந்தது கடைசி 2 மணி 5 நிமிடப் பதிவு. அதில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார் என்று விசாரணை நீதிமன்றம் கண்டது. அவர் விழித்து விமானத்தைக் கையில் எடுத்தபோது அது இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரத்தில் இருந்தது. இறங்காமல் மீண்டும் மேலே எழும்பிச் சுற்றிவரும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. நிலைப்படாத அந்தத் தரையிறக்கத்தைக் கைவிடாததே நேரடிக் காரணம் என்றும், நீண்ட தூக்கத்துக்குப் பின் வந்த மந்தம் அவருடைய தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்றும் அறிக்கை கூறியது.

காக்பிட்டில் தூங்குவதே குற்றம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. நாசா ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பசிபிக் கடலைத் தாண்டும் நெடும்பயணங்களில் 40 நிமிட ஓய்வு வாய்ப்புக் கொடுக்கப்பட்ட விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அந்தக் குட்டித் தூக்கம் பயணத்தின் கடைசிப் பகுதியில் அவர்களுடைய விழிப்பைக் கணிசமாக உயர்த்தியது. ஓய்வு கிடைக்காத மற்றக் குழுவினருக்கோ இறங்கும் நேரம் வரையிலும் நுண்தூக்கங்கள் வந்தன. இதை ஏற்றுப் பல நாடுகள் ‘கட்டுப்படுத்தப்பட்ட ஓய்வு’ என்ற முறையை அனுமதிக்கின்றன. ஒருவர் மட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு, குறைவான நேரம் தூங்கலாம். எழுந்த பிறகு மந்தம் தெளியும் வரை பொறுப்பை ஏற்கக் கூடாது. கேபின் ஊழியர்களுக்கும் தகவல் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கா இன்னும் இதை அனுமதிக்கவில்லை. மங்களூர் விமானத்தில் நடந்தது 1 மணி 40 நிமிடத் தூக்கம். அது இந்த முறைக்கு வெளியே நிற்பது.

எண்பது மணி நேரம் என்ற மாயக் கணக்கு

இனி முதல் கேள்விக்கு வரலாம். ‘பறக்கும் நேரம்’ என்பது விமானம் புறப்படுவதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து, பயணம் முடிந்து நிற்கும் வரையிலான நேரம் மட்டும். ‘பணி நேரம்’ என்பது விமானி பணிக்கு வந்து பதிவு செய்ததிலிருந்து கணக்காகும் முழு நேரம். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு கற்பனை நாளில் பார்ப்போம்.

தாம்பரத்தில் குடியிருக்கும் ஒரு துணை விமானி; முதல் விமானம் காலை 5.30-க்குச் சென்னையிலிருந்து மதுரைக்கு. 4.30-க்குப் பணிப் பதிவு. 3.40-க்குக் கார் வாசலுக்கு வரும். 2.45-க்கு அலாரம். மதுரை போய்ச் சென்னை திரும்பி, பிறகு கோவை போய்ச் சென்னை திரும்பினால் நான்கு பயணங்கள். ஒவ்வொன்றும் ஒன்றே கால் மணி நேரம் என்றால் பறந்த நேரம் ஐந்து மணிதான். ஒவ்வொரு முறையும் பயணிகள் இறங்கி ஏறும் முக்கால் மணி நேரத்தில் அவர் காக்பிட்டிலேயே அடுத்த பயணத்துக்கான கணக்குகளைச் செய்துகொண்டிருப்பார். ஓர் இடத்தில் மழையால் ஒரு மணி நேரத் தாமதம் என்று வைத்தால், கடைசியாகச் சென்னையில் இறங்கிக் காகித வேலைகளை முடிக்கும்போது மணி இரண்டரை. வீடு சேரும்போது மூன்றரை. பதிவேட்டில் ஐந்து மணி நேரம். அவர் உடம்பின் கணக்கில் எழுந்து பன்னிரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் அடிமட்ட வேளையில் தொடங்கியது.

ஓய்வின் பக்கமும் இதே மாயம் உண்டு. அட்டவணையில் 12 மணி நேர ஓய்வு என்று இருக்கலாம். விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு ஒரு மணி, சாப்பாடும் குளியலும் ஒரு மணி, பரபரப்பு அடங்கிக் கண்ணயர அரை மணி. மறுமுனையில் எழுந்து தயாராகி விமான நிலையம் சேர இரண்டு மணி. மிஞ்சுவது ஏழரை மணி நேரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை விழுந்தால், கடிகாரம் விழித்திரு என்று சொல்லும் வேளையில், அறையைச் சுத்தம் செய்பவர் கதவைத் தட்டும் வேளையில் அவர் தூங்க வேண்டும். ஓய்வு நேரம் என்பது தூங்குவதற்கான வாய்ப்பு. தூக்கம் அதற்குள் எவ்வளவு விழும் என்பது வேளையைப் பொறுத்தது.

சுருக்கமாக: பறந்த மணிகளைக் கூட்டினால் சோர்வு தெரியாது. எந்த வேளையில் எழுந்தார், எத்தனை முறை தரையிறக்கினார், எந்த வேளையில் தூங்க முடிந்தது என்பவையே கணக்கு.

2024 திருத்தம் என்ன செய்தது

இந்தப் பின்னணியோடு பார்த்தால் 2024 ஜனவரி 8 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட திருத்தங்கள் தாமாகவே புரியும். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாயிற்று. சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு வீடு சேர்ந்தவருக்கு 36 மணி நேரம் என்றால் திங்கள் காலை ஒன்பதுக்கு ஓய்வு முடிந்துவிடும். நடுவில் ஒரே ஒரு முழுப் பகல். ஒரு வாரக் கடனை அடைக்க அது போதாது. இரவு என்பதன் வரையறை நள்ளிரவு முதல் 5 மணி வரை என்பதிலிருந்து 6 மணி வரை என்று நீண்டது. அடிமட்ட வேளையின் கடைசி ஒரு மணி நேரம் பகலாகக் கணக்கிடப்பட்டுவந்த முரண் அதனால் நீங்கியது. இரவைத் தொடும் பணிகளில் பறக்கும் நேரம் 8 மணி, பணி நேரம் 10 மணி என்று வரம்பு வந்தது. அத்தகைய பணியில் 6 வரை இருந்த தரையிறக்கங்கள் 2 ஆகக் குறைந்தன.

விமான நிறுவனங்களுக்குக் கசந்தது இந்தக் கடைசி விதிதான். நள்ளிரவுக்குப் பிறகும் விமானங்களைத் தரையில் நிற்கவிடாமல் ஓட்டுவது மலிவுக் கட்டண நிறுவனங்களின் லாபக் கணக்கில் முக்கியமான பகுதி. வரம்பு குறைந்தால் அதே அட்டவணைக்குக் கூடுதல் விமானிகள் வேண்டும். 2024 ஜூன் 1 என்று முதலில் குறிக்கப்பட்ட நாள் தள்ளிப்போயிற்று. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகின; 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரு கட்டங்களாக அமலாயிற்று. டிசம்பர் நெருக்கடியில் இண்டிகோவுக்கு இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை தற்காலிக விலக்கு தரப்பட்டது. விடுப்பை வார ஓய்வுக்கு ஈடாகக் காட்டக் கூடாது என்ற விதியும் திரும்பப் பெறப்பட்டது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த விடுப்பையே வார ஓய்வாகக் கணக்கெழுத முடிந்தால் என்ன ஆகும் என்பதைக் கல்யாண வீட்டுத் தாய்மாமாவிடம்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவகாசம் கிடைத்த விஷயத்தில், நெருக்கடியின் விலையை உறக்கத்திலிருந்து வசூலித்தது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை.

மன உறுதி எங்கே நுழைகிறது

விதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவை அது அறியாது. அதனால்தான் விமானி தானாகவே ‘சோர்வு அறிக்கை’ கொடுத்துப் பணியிலிருந்து விலகிக்கொள்ள வழி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கைகளையும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையையும் இயக்குநரகத்துக்குத் தர வேண்டும். அறிக்கை கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது. ஏட்டில் இது நல்ல ஏற்பாடு.

நடைமுறையில் அறிக்கையை எழுதுவது ஒரு மனிதர், அவருக்கு ஒரு வங்கிக் கடன் இருக்கிறது. பயிற்சிக்கும் உரிமத்துக்கும் அரைக் கோடி ரூபாயைத் தாண்டிச் செலவாவது இங்கே சாதாரணம். சம்பளத்தில் ஒரு பகுதி உறுதியானது. மீதி பறந்த மணிக்கேற்ப வருவது. விலகிக்கொண்டால் அந்த மணிகளுக்கான பணம் போகலாம். 2024 ஏப்ரலில் விஸ்தாரா நிறுவனம் விமானங்களைப் பெருமளவில் ரத்து செய்ய நேர்ந்தது நினைவிருக்கலாம். உறுதியான ஊதியத்தை 70 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமாகக் குறைத்த புதிய ஒப்பந்தமே அப்போது விமானிகளின் மனக்கசப்புக்கு நடுவில் இருந்தது. சரி, பிடிக்கவில்லையென்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்றால், கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது.

மன உறுதி என்பதை நாம் பெரும்பாலும் உற்சாகம் என்ற பொருளில் புரிந்துகொள்கிறோம். இங்கே அது பாதுகாப்புக் கருவியின் ஓர் உறுப்பு. உண்மையைச் சொன்னால் நமக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் அறிக்கைகள் வரும். எந்த அட்டவணை மனிதர்களை வாட்டுகிறது என்று நிறுவனத்துக்குத் தெரியும். அந்த நம்பிக்கை போன இடத்தில் அறிக்கைகள் நின்றுபோகும். ஒரு சோர்வு அறிக்கைகூட வராத நிறுவனத்தைப் பார்த்து அங்கே சோர்வே இல்லை என்று மகிழ்வது, புகார்ப்பெட்டியைப் பூட்டிவிட்டு ஊரில் புகாரே இல்லை என்பது போலத்தான்.

விமானிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் ஒருபக்கச் சார்பாகிவிடும். கிடைத்த ஓய்வைத் தூக்கத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய கடமை. அந்த எல்லை எங்கே என்பதை அமெரிக்காவின் இரண்டு விபத்துகள் காட்டுகின்றன.

பஃபலோ, பர்மிங்ஹாம்

2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை ஒலித்தபோது கேப்டன் தவறான திசையில் கட்டுப்பாட்டை இயக்கியதே காரணம். ஆனால் அவரும் துணை விமானியும் எங்கே தூங்கினார்கள் என்று தேடிய விசாரணையாளர்களுக்குக் கிடைத்தது வேறொரு கதை. துணை விமானி முந்தின இரவு நாட்டின் மறுகோடியிலுள்ள சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் இடம் கேட்டு நியூவார்க் வந்து பணியில் சேர்ந்திருந்தார். கேப்டன் விமான நிலையத்திலுள்ள பணியாளர் அறையில் இரவைக் கழித்திருந்தார். பணியிடத்துக்கு அருகே வீடு எடுத்துத் தங்கும் அளவுக்குச் சிறு நிறுவனத்துத் துணை விமானிகளுக்கு அன்று சம்பளம் இல்லை என்பது நாடாளுமன்ற விசாரணைகளில் வெளிப்பட்டது. இருவரும் சோர்ந்திருக்கக்கூடும், ஆனால் அது எவ்வளவு பங்காற்றியது என்று உறுதிசெய்ய இயலவில்லை என்று விசாரணை வாரியம் எழுதியது. சோர்வு பிணப் பரிசோதனையில் தடயம் விட்டுச் செல்வதில்லை. அது விபத்து அறிக்கைகளில் பெரும்பாலும் இப்படி ‘இருக்கக்கூடும்’ என்ற சொல்லோடுதான் வருகிறது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதன் விளைவாக 2010-இல் சட்டம் வந்தது. அதன்படி எழுதப்பட்ட விதி 2014 ஜனவரி 4 அன்று அமலாயிற்று. பணிக்கு முன் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, அதில் இடையூறின்றி 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பு என்று அது சொன்னது. சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே விதியால் ஆகும் செலவு, கிடைக்கும் பயனைவிட அதிகம் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

விதி வெளியாகி, இன்னும் அமலுக்கு வராத இடைவெளியில், 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியும் முன் அலபாமாவின் பர்மிங்ஹாம் விமான நிலையத்தை நெருங்கிய யுபிஎஸ் 1354 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மோதியது. இரு விமானிகளும் இறந்தார்கள். துணை விமானி தனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று வாரியம் தயங்காமல் பதிவு செய்தது. அந்த விபத்தில் அவருடைய சோர்வுக்கும் பங்கு இருந்தது என்றது. மீட்கப்பட்ட குரல்பதிவில் புறப்பாட்டுக்கு முந்தைய உரையாடலும் இருந்தது. வரவிருக்கும் ஓய்வு விதியில் பயணிகள் விமானிகளுக்கு ஒரு நியாயமும் தங்களுக்கு ஒரு நியாயமுமா என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். தாங்கள் எவ்வளவு சோர்ந்திருக்கிறோம் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு புறப்படுவதற்கான சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கத் தொடங்குகிறார்கள்.